பரணில் கிடக்கும் கேசட்டையும் ஆல்பத்தையும் காப்பாற்றி வைப்பது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

எங்கள் அப்பா 1982 முதல் 1990 வரை சவூதியில் வேலை பார்த்தார். அந்த எட்டு ஆண்டும் அவருக்கும் வீட்டுக்கும் இடையே கடிதத்தைவிட அதிகமாகப் போய்வந்தது கேசட்தான். விடுமுறையில் ஊருக்கு வருகிற யாரிடமாவது ஒரு கேசட்டில் பேசிக் கொடுத்துவிடுவார். நாங்கள் டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி) சுற்றி உட்கார்ந்து கேட்போம். அப்புறம் அம்மா, அப்பாயி (அப்பாவின் அம்மா), பிள்ளைகள் எல்லோரும் பேசிப் பதில் கேசட் போகும். அவற்றையும் அப்பா ஒன்று விடாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அப்பாயியின் குரல் இன்று அந்த 11 கேசட்டைத் தவிர வேறு எங்கும் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதையெல்லாம் கணினிக்கு ஏற்ற ஆரம்பித்தேன். 14 கேசட் முடித்து ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தேன். அது மேசையிலிருந்து விழுந்தது. மீட்டுத் தருவதற்கு ஒரு கடையில் 28,000 ரூபாய் கேட்டார்கள், அதுவும் உறுதி இல்லாமல். மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது அப்பாயி பேசிய கேசட்டில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்தது. ஒட்டிவிட்டேன். ஆனால் அவர் ஒரு பெயரைச் சொல்லும் இடத்தில் ஒரு நொடி போய்விட்டது. அது இனி கிடைக்காது.

உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எல்லாவற்றையும் இறக்கி, முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள்

கருவி வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பரண், பீரோ, பெட்டி, சித்தப்பா வீடு, எங்கெங்கே என்ன இருக்கிறதோ எல்லாம் ஒரே இடத்துக்கு வரட்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள்: ஆடியோ கேசட்டுக்கு ஆ-01, வீடியோவுக்கு வீ-01, ஆல்பத்துக்கு போ-01. எண்ணைக் கேசட்டின் மீதே மார்க்கரால் எழுதுங்கள். உறை மாறிப்போகும், கேசட் மாறாது.

நோட்டில் எழுத வேண்டியவை: எண், மேலே என்ன எழுதியிருக்கிறது, யார் யார் இருக்கிறார்கள், சுமாரான ஆண்டு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, பதிந்த தேதி, பதிந்த கோப்பின் பெயர். கடைசி இரண்டையும் வேலை நடக்க நடக்க நிரப்பிக்கொள்ளலாம். என் நோட்டில் 41 ஆடியோ கேசட், 9 வீடியோ கேசட், 23 சிடி-டிவிடி, 5 ஆல்பத்தில் சுமார் 600 போட்டோ வந்தன. எண்ணிப் பார்ப்பதற்கு முன், இதைவிட மூன்று மடங்கு இருக்கும் என்று பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சினிமாப் பாட்டு என்று அச்சடித்த கேசட்டைக் கேட்காமல் ஒதுக்கிவிடாதீர்கள். கடையில் வாங்கிய கேசட்டின் மேல் விளிம்பில், மறுபடி பதியக்கூடாது என்பதற்காக, இரண்டு குழிகள் திறந்திருக்கும். அந்தக் குழிகளைக் காகிதத்தாலோ செல்லோ டேப்பாலோ அடைத்திருந்தால் யாரோ அதன்மேல் வேறெதையோ பதிந்திருக்கிறார்கள். காலிக் கேசட் வாங்கக் காசில்லாத வீடுகளில் இது சாதாரணம். என் அக்கா ஐந்து வயதில் திருக்குறள் ஒப்பிப்பது அப்படியொரு பாட்டுக் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில்தான் இருந்தது.

2. எது முதலில் என்று முடிவுசெய்யுங்கள்

வேறு எங்கும் கிடைக்காதது முதலில். வீட்டார் பேசியது, தாத்தா பாடியது, கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் பிறந்தநாள் இவையெல்லாம் இந்த வகை. சினிமாப் பாட்டும் படமும் எத்தனையோ வழியில் மறுபடி கிடைக்கும், அவை கடைசிக்குப் போகட்டும். எளிதாக இருக்கிறது என்று முதலில் பாட்டுக் கேசட்டிலேயே கைவைப்பவர்கள்தான் அதிகம். கல்யாண வீடியோவுக்கு வருவதற்குள் ஆர்வம் தீர்ந்துவிடுகிறது.

ஒரே வகைக்குள் எதற்கு அவசரம் என்றால், வீடியோ கேசட்டுக்கு. அதை ஓட்டும் கருவியான டெக் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது. கடைசியாக அதைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு புது டெக் என்று ஒன்றில்லை, பழையதைத்தான் பழுது பார்த்து ஓட்ட வேண்டும்.

3. செலவு, நேரம்

நான் கொடுத்த விலைகள் இவை. நீங்கள் வாங்கும்போது கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கலாம்.

- ஓடும் நிலையில் உள்ள பழைய கேசட் டெக், சர்வீஸோடு சேர்த்து: 3,500 ரூபாய்
- ஒலியைக் கணினிக்குள் வாங்கும் யுஎஸ்பி ஆடியோ பெட்டி: 2,700 ரூபாய்
- பழைய வீடியோ டெக்: 5,000 ரூபாய், பெல்ட் மாற்ற 600
- வீடியோவைக் கணினிக்குள் வாங்கும் யுஎஸ்பி கேப்சர் கருவி: 1,800 ரூபாய்
- 2 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு: 13,500 ரூபாய்
- ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, சிலிக்கா ஜெல் பொட்டலம்: 500 ரூபாய்க்குள்

ஸ்கேனர் வீட்டுப் பிரின்டரோடு ஏற்கெனவே இருந்தது. உங்களிடம் வீடியோ கேசட் நான்கைந்துக்கு மேல் இல்லையென்றால் டெக் வாங்க வேண்டாம், படி 6-ஐப் பாருங்கள். பணம் நெருக்கடி என்றால் எதில் வேண்டுமானாலும் குறைக்கலாம், இரண்டாவது ஹார்டு டிஸ்க்கில் மட்டும் குறைக்காதீர்கள்.

கேசட் எத்தனை நிமிடமோ அத்தனை நிமிடமும் ஓடித்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம். வீடியோவில் பெரும்பாலும் மூன்று மணி நேரம். எனக்கு மொத்தம் 110 மணி நேரம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டதில் ஏழு மாதம். ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று இறங்காதீர்கள். ஓடும்போது பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் நாடா சிக்கினால் ஓடிப்போய் நிறுத்தும் தூரத்தில் இருங்கள்.

இடம் எவ்வளவு வேண்டும் என்றும் பலர் மிரள்கிறார்கள். என்னுடைய ஒலி, வீடியோ, ஸ்கேன், போன் படங்கள் எல்லாம் சேர்த்தும் 400 ஜிபியைத் தாண்டவில்லை.

4. ஆடியோ கேசட்

இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கருவி. வாக்மேன் மாதிரி இருக்கும், யுஎஸ்பி வயரோடு வரும் மலிவான 'கேசட் கன்வர்ட்டர்' ஒன்றை முதலில் வாங்கினேன். ஓட்டம் சீராக இல்லை, குரல் அலைபாய்ந்தது, பின்னால் இரைச்சல் வேறு. வாங்காதீர்கள். வீட்டில் வைத்துக் கேட்கும் நல்ல பழைய டெக்கோ, பின்பக்கம் 'லைன் அவுட்' துளை உள்ள டூ-இன்-ஒன்னோ போதும். பல ஆண்டு ஓடாமல் கிடந்தது என்றால் உள்ளே உள்ள ரப்பர் பெல்ட் பசைபோல் இளகியிருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். உள்ளூரில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் வயதான மெக்கானிக் யாராவது இருந்தால் அவரைத் தேடிப் பிடியுங்கள். திருச்சியில் எனக்குப் பெல்ட் கிடைக்கவில்லை. சென்னை போயிருந்தபோது ரிச்சி தெருவில் வாங்கிவந்தேன்.

அடுத்தது சுத்தம். நாடா உரசும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடையுங்கள். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், அது ரப்பரைக் காயவைத்துவிடும். துளி சோப்புத் தண்ணீர் போதும். ஐந்தாறு கேசட்டுக்கு ஒருமுறை மறுபடி துடையுங்கள். ஒலி மந்தமாகக் கேட்டால் கேசட் கெட்டுவிட்டது என்று நினைப்பதற்கு முன் ஹெட்டைப் பாருங்கள்.

கேசட்டைப் போட்டதும் ஓட்டிவிடாதீர்கள். நான் கேசட்டை அறுத்துக்கொண்டது இந்த அவசரத்தில்தான். முதலில் நாடாவை ஜன்னல் வழியாகப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியாக வையுங்கள், டெக்குக்குள் போகவே கூடாது. தளர்ந்திருந்தால் பென்சிலை நுழைத்துக் கையால் இறுக்குங்கள். நடுவில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறிய துணிமெத்தை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஒலி வந்துவந்து போகும். ஐந்து திருகாணி உள்ள கேசட் என்றால் திறந்து, நாடாவை நல்ல காலிக் கூட்டுக்கு மாற்றிவிடலாம். எல்லாம் சரியாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை மெதுவாக ஓட்டிப் பின்னால் சுற்றுங்கள். பல ஆண்டு ஒரே நிலையில் கிடந்த நாடா சுற்றுக்குச் சுற்று ஒட்டியிருக்கும், இதில் அது விட்டுக்கொடுக்கும். அறுந்த நாடாவை ஒட்டச் செல்லோ டேப் கூடாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டும், ஹெட்டிலும் ஒட்டும். நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள ஸ்பிளைசிங் டேப் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பதிவு. டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யுஎஸ்பி ஆடியோ பெட்டிக்கு வயர், பெட்டியிலிருந்து கணினிக்கு. லேப்டாப்பில் உள்ள ஒற்றைத் துளையில் நேரே செருகலாமே என்று தோன்றும். அது பெரும்பாலும் மைக்குக்கானது: ஒரே சேனல்தான் வாங்கும், ஒலியும் பிசிறும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். மிக உரத்த இடத்திலும் அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துக்கொள்ளுங்கள். குறைவாகப் பதிந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம், உடைந்து பதிந்ததைச் சரிசெய்ய முடியாது. ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாகப் பதியுங்கள். நடுவில் நிறுத்தி நிறுத்தி வெட்ட வேண்டாம்.

சேமிக்கும்போது ஃபிளாக் வடிவம் எடுங்கள். சுருக்காத வடிவமான வேவ் கோப்பு மணிக்குச் சுமார் 600 எம்பி வரும். ஃபிளாக் ஏறக்குறைய அதில் பாதி, ஒலியில் ஒரு துளியும் இழப்பதில்லை. எம்பி3 வாட்ஸப்பில் அனுப்புவதற்கு மட்டும்.

இரைச்சலை நீக்கும் வசதியைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். மூலக் கோப்பில் அதைத் தொடாதீர்கள். தனிப் பிரதி எடுத்து அதில் செய்யுங்கள். நான் முதலில் செய்ததில் அம்மாவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆனது. பின்னால் கேட்கும் சைக்கிள் மணியும், கோழிச் சத்தமும், அப்பாயி வெற்றிலை இடிக்கும் ஓசையும் அந்த இரைச்சலோடு போய்விட்டன. கேட்பவர்களுக்கு அவையும்தானே வேண்டும்.

இன்னொன்று: குரல் குழந்தைக் குரல்போல் வேகமாகக் கேட்டால் பதறாதீர்கள். தீர்ந்துபோகும் பேட்டரியில் பதிந்திருப்பார்கள். அன்று நாடா மெதுவாக ஓடியதால் இன்று வேகமாகக் கேட்கிறது. பிரதியில் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

5. வீடியோ கேசட்

பூஞ்சை விஷயத்தில் இங்கே இன்னும் கவனம். பூஞ்சை பிடித்த ஒரே ஒரு கேசட்டை ஓட்டினால் அது டெக்கின் ஹெட்டில் ஏறி அடுத்தடுத்த கேசட்டுக்கும் போகும். கேசட்டின் முன் மூடியைத் திறந்து நாடாவின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். பிடித்திருந்தால் அனுபவமுள்ளவரிடம்தான் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டும். நீங்களாகத் துடைக்க வேண்டாம், கையாளும்போது முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

டெக்கின் மஞ்சள் துளையிலிருந்து படம், வெள்ளை-சிவப்பிலிருந்து ஒலி. பழைய டெக் பலவற்றில் ஒலிக்கு ஒரே துளைதான் இருக்கும், அது சரிதான். கேப்சர் கருவியில் நம் நாட்டு வீடியோ முறையான பிஏஎல்லைத் தேர்ந்தெடுங்கள்: 720-க்கு 576 அளவு, நொடிக்கு 25 படம். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த கேசட் என்றால் என்டிஎஸ்சி. தவறாகத் தேர்ந்தெடுத்தால் படம் உருண்டுகொண்டோ நிறமில்லாமலோ வரும்.

பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். மூன்று அமைப்புகளை மறக்காதீர்கள். ஒன்று, கோப்பு வடிவம் எம்கேவி. சாதாரண எம்பி4-இல் பதியும்போது கரண்ட் போனால் அதுவரை பதிந்தது முழுவதும் திறக்காமல் போய்விடும். எம்கேவியில் போன இடம்வரை பிழைக்கும். இரண்டு, டீஇன்டர்லேஸ் வசதியை 'யாடிஃப் 2எக்ஸ்' என்று வைத்து நொடிக்கு 50 படம் ஆக்குங்கள். இல்லையென்றால் யாராவது நடந்தால் உருவத்தின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். மூன்று, பிட்ரேட் (நொடிக்குப் பதியும் தகவலின் அளவு) 10 எம்பிபிஎஸ். மணிக்கு நாலரை ஜிபி ஆகும், அது பரவாயில்லை. படத்தை இன்றைய டிவியின் அகலத்துக்கு இழுக்காதீர்கள். பழைய படம் 4-க்கு 3. இழுத்தால் மணமக்கள் இருவரும் குள்ளமாகிவிடுவார்கள்.

மலிவான கேப்சர் கருவியில் வரும் பெரிய தொல்லை, கேசட்டில் சிக்னல் விட்டுப்போகும் இடத்தில் ஒலியும் படமும் பிரிவது. முழுக்க ஓடி முடித்தபின் கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். நாதஸ்வரக்காரரின் வாயும் சத்தமும் பொருந்தவில்லையென்றால், அந்தக் கேசட்டை அரை அரை மணி நேரத் துண்டாக மறுபடி பதியுங்கள்.

6. ஸ்டூடியோவில் கொடுப்பதானால்

ஒரு கேசட்டுக்கு 300 முதல் 500 ரூபாய்வரை என்னிடம் கேட்டார்கள். கொடுப்பதில் தவறில்லை, ஆனால் கொடுக்கும் விதம் இருக்கிறது. நான் முதலில் ஓர் இடத்தில் மூன்று கேசட் கொடுத்து, ரசீது வாங்காமல் வந்தேன். இரண்டுதான் திரும்பி வந்தது. கையில் எதுவும் இல்லாததால் எதுவும் கேட்க முடியவில்லை.

கேசட்டின் எண்ணும் எண்ணிக்கையும் எழுதிய ரசீது வாங்குங்கள். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிவிடியாக வேண்டாம், கோப்பாக உங்கள் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு டிவிடியில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம்தான் நிற்கும். மூன்று மணி நேரக் கேசட்டை அதில் அடைக்கத் தரத்தைக் குறைப்பார்கள் அல்லது எதையாவது வெட்டுவார்கள். பின்னணிப் பாட்டு, பூ விழும் எஃபெக்ட், பெயர்ப்பலகை எதுவும் சேர்க்கக்கூடாது என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். முதலில் ஒன்றே ஒன்று கொடுத்து, வாங்கிப் பார்த்துவிட்டு, மற்றதைக் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் மூலக் கேசட்டைத் திரும்ப வாங்காமல் வராதீர்கள்.

7. சிடி, டிவிடி

இவை புதியவை என்பதால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டிலோ ஸ்டூடியோவிலோ எழுதிய வட்டில் தகவல் ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது, அது மங்கும். 2005 வாக்கில் எழுதிய என் 23 வட்டில் 4 முழுதாகத் திறக்கவில்லை. ஒரு டிரைவில் திறக்காதது இன்னொரு டிரைவில் திறக்கலாம். இரண்டு மூன்றில் போட்டுப் பார்த்ததில் அந்த நான்கில் இரண்டு பிழைத்தன. மேலே ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள், படலமும் சேர்ந்து வந்துவிடும்.

8. போட்டோவும் நெகட்டிவும்

சாதாரண 4-க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. ஒரே நேரத்தில் மூன்று படத்தை அடுக்கி ஸ்கேன் செய்து பிறகு வெட்டிக்கொண்டால் மணிக்கு 40 படம் முடிக்கலாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அங்கேதான் ஸ்டூடியோ முத்திரையும், தாத்தா எழுதிய தேதியும் இருக்கும்.

ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தால் நெம்பக்கூடாது. பல் இடுக்கில் விடும் ஃபிளாஸ் நூலைப் படத்தின் அடியில் விட்டு மெதுவாக அறுங்கள். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். வெளிப்பக்கக் கண்ணாடியில் உள்ள சந்தனம் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, நல்ல கேமராவால் கண்ணாடியோடு சேர்த்துப் படமெடுங்கள். என் தாத்தாவின் ஒரே படத்தை அப்படித்தான் எடுத்தேன்.

நெகட்டிவ் இருந்தால் அச்சைவிட அதற்கே முதலிடம். சாதாரண வீட்டு ஸ்கேனரில் நெகட்டிவ் வராது, ஒளி ஊடுருவும் வசதி உள்ளது வேண்டும். லேபில் கொடுத்தால் குறைந்தது 3200 டிபிஐ என்று சொல்லிக் கொடுங்கள்.

9. போனில் இருப்பது

வாட்ஸப்பில் வந்த படம் சுருங்கிய படம், எடுத்த தேதி விவரமும் அதில் இருக்காது. எடுத்தவரிடமே கேட்டு, 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். கல்யாணம், காதுகுத்து முடிந்த வாரத்திலேயே கேட்டால் தருவார்கள். ஆறு மாதம் கழித்தால் போனே மாறியிருக்கும்.

10. பெயர் வைப்பது

ஆண்டு, மாதம், நாள், பிறகு என்ன, எங்கே, நோட்டில் உள்ள எண்: '1986-03-14 அப்பாயி பேசியது லால்குடி ஆ-07'. நாள் தெரியாவிட்டால் மாதம்வரை, அதுவும் தெரியாவிட்டால் '1980கள்'. ஸ்கேன் செய்த படத்துக்குக் கணினி இன்றைய தேதியைத்தான் போடும், அதனால் பெயரில் ஆண்டு இருந்தே ஆக வேண்டும். தமிழில் தாராளமாகப் பெயர் வைக்கலாம், ஆனால் யூனிகோடில். பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் வைத்திருந்தால் உடனே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குப்பையாகத் தெரியும்.

யார் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே அவரை உட்காரவைத்துப் படங்களைக் காட்டுங்கள். அவர் சொல்லச்சொல்லப் போனில் பதிவு செய்யுங்கள், எழுதிக்கொண்டிருந்தால் பேச்சு நின்றுவிடும். எங்கள் அத்தை ஒரே மதியத்தில் 70 முகங்களுக்குப் பெயர் சொன்னார். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நாளைக்கே செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கேசட்கூட இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்கும்.

11. மூன்று பிரதி

ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டோம் என்று நிறுத்துகிற இடத்தில்தான் நான் இழந்தேன். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 என்ற விதி இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. நான் செய்வது இது.

முதல் பிரதி வீட்டு ஹார்டு டிஸ்க்கில். இரண்டாவது, வேறு நிறுவனத்தின் ஹார்டு டிஸ்க்கில், கோயம்புத்தூரில் அக்கா வீட்டில். பொங்கலுக்குப் போகும்போது புதிதாகச் சேர்ந்ததை ஏற்றிவிட்டு வருவேன். இரண்டையும் ஒரே வீட்டில் ஒரே பீரோவில் வைத்தால் அது ஒரு பிரதிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்த என் நண்பர் வீட்டில் ஆல்பமும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே தட்டில் இருந்தன, இரண்டும் போயின.

மூன்றாவது, மிக முக்கியமான 60 ஜிபி மட்டும் இணையச் சேமிப்பில். கூகுளில் 15 ஜிபிவரை இலவசம். நான் எடுத்தபோது 100 ஜிபிக்கு ஆண்டுக்கு 1,300 ரூபாய். இதில் மூன்று பொறிகள் உண்டு. போனோடு இணைந்த போட்டோ சேவையில் போனில் அழித்தால் அங்கேயும் அழியும். அதனால் அதைப் பிரதி என்று கணக்கில் சேர்க்காதீர்கள், தனிக் கோப்புறையாக ஏற்றுங்கள். அடுத்து, இரண்டு ஆண்டு நுழையாத கணக்கைக் கூகுள் நீக்கலாம். அதற்கென்று உள்ள செயலற்ற கணக்கு அமைப்பில் வீட்டார் ஒருவர் பெயரைச் சேருங்கள். கடைசியாக, கடவுச்சொல்லை உங்கள் மனத்தில் மட்டும் வைக்காதீர்கள். நான் அதை எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

பென் டிரைவை நம்பி எதையும் வைக்காதீர்கள். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்) வேகமானதுதான், ஆனால் மின்சாரம் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்தால் தகவல் கசியும். கிடப்பில் வைக்க ஹார்டு டிஸ்க்கே சரி. வாங்கிய பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். வாரன்டியில் புது டிஸ்க் தருவார்கள், உள்ளே இருந்ததைத் தரமாட்டார்கள்.

பெரிய கோப்புகளை இழுத்துப் போட்டதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். டெராகாப்பி போன்ற மென்பொருளில் நகலெடுத்தபின் சரிபார்க்கும் வசதி உண்டு, அதை இயக்குங்கள். நேரம் இரட்டிப்பாகும், ஆகட்டும்.

12. பகிரும் முன்

பார்ப்பதற்கு எப்போதும் எம்பி4, எம்பி3 பிரதியையே கொடுங்கள், மூலத்தை யாரும் தொட வேண்டாம். பழைய லேப்டாப் ஒன்று சும்மா இருந்தால் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வீட்டு டிவியிலிருந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம்.

பாட்டுக் கேசட்டைப் பதிந்து வீட்டில் கேட்பது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு இடம் தருகிறது. ஊருக்கெல்லாம் கொடுப்பதற்கு அல்ல. ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு.

சட்டத்தைவிட முக்கியமானது இன்னொன்று. அப்பா பேசிய ஒரு கேசட்டின் கடைசிப் பத்து நிமிடம் அம்மாவுக்கு மட்டும் சொன்னது. நான் குடும்பக் குழுவில் அனுப்பும் முன் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "இத நான் வச்சிக்கிறேன்டா" என்றார். அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாக அவர் போனில் மட்டும் ஏற்றிக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் பேசியவரையோ, யாருக்காகப் பேசினார்களோ அவரையோ கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

வீட்டுக்கு வெளியிலும் மதிப்புள்ளது ஏதேனும் கிடைத்தால், பழைய நாடக நோட்டீஸ், சிற்றிதழ், ஊர்ச் சங்கத்தின் அறிக்கை போன்றவை, எடைக்குப் போடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இலங்கைத் தமிழ் ஆவணம் என்றால் 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனம். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

13. மூலத்தை எங்கே வைப்பது, எப்போது சரிபார்ப்பது

பதிந்து முடித்த கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முழுதும் பின்னால் சுற்றி, உறைக்குள் போட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி, மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பரண் வேண்டாம், அங்கே கோடையில் கொதிக்கும். ஸ்பீக்கர் பக்கத்திலும் வேண்டாம், காந்தம் உண்டு. ஆல்பத்துக்குள் ரசகற்பூர உருண்டை போடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அதன் ஆவி படத்துக்கு நல்லதல்ல. சிலிக்கா ஜெல்லை மழைக்காலம் தொடங்கும் முன் மாற்றுங்கள்.

ஆண்டுக்கு ஒருநாள், நான் வைத்திருப்பது தை முதல் வாரம், இரண்டு டிஸ்க்கையும் செருகி, ஒவ்வொரு கோப்புறையிலும் இரண்டு மூன்று கோப்பைத் திறந்து நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். ஐந்து ஆண்டு ஆன டிஸ்க்கை, நன்றாக ஓடினாலும், புதியதுக்கு மாற்றிவிட்டுப் பழையதைக் கூடுதல் பிரதியாக வையுங்கள். பார்த்த தேதியை முதல் படியில் போட்ட அந்த நோட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த நோட்டையும் ஸ்கேன் செய்து டிஸ்க்கில் போட்டுவிடுங்கள், நான் அதை மறந்திருந்தேன், அக்காதான் நினைவுபடுத்தினார்.